பச்சை டிக் சொல்லாத கதை

கிளவுட் சேமிப்பகத்தைச் சோதிக்கும் கருவிகளுக்கு இப்போ பஞ்சமே இல்லை. அமேசானே தரும் செக்யூரிட்டி ஹப் இருக்கு. 2016-ல் ஒரு சின்ன கமாண்ட்லைன் ஸ்கிரிப்டாகத் தொடங்கிய ப்ரௌலர் இருக்கு. ஸ்கௌட் சூட் இருக்கு. எதை ஓட்டினாலும் செய்யும் வேலை ஒன்றுதான். உங்கள் கணக்கில் உள்ள ஒவ்வொரு பக்கெட்டையும் எடுத்து, ‘சிறந்த நடைமுறைகள்’ என்று பெயர் வாங்கிய ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதும். பப்ளிக்கா இருக்கா? என்க்ரிப்ஷன் உண்டா? லாக் எடுக்குதா? பழைய பதிப்புகளை வைத்திருக்கா? கடைசியில் ஒரு சதவீதம் வரும். அந்தச் சதவீதம் மேலதிகாரிக்குப் போகும், அங்கிருந்து ஆடிட்டருக்குப் போகும், சில நேரம் வாடிக்கையாளருக்கும் போகும்.

இந்தப் பதிவு அந்தச் சதவீதத்தைப் பற்றிய ஒரு விமர்சனம். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, முதலிலேயே சொல்லிடறேன். என் புகார் வேறு. பட்டியல் சோதிப்பது ஒரு பக்கெட்டின் செட்டிங்கை. நமக்குத் தெரிய வேண்டியதோ ‘இந்தத் தரவை யார் யாரெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியும்’ என்பது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் பெரிய திருட்டுகள் நடந்திருக்கு.

பட்டியல் பிறந்த நியாயம்

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. எஸ்3 என்பது 2006 மார்ச்சில் அமேசான் தொடங்கிய சேமிப்பகச் சேவை. அதில் கோப்புகளைப் போட்டுவைக்கும் தொட்டிக்குப் பெயர் பக்கெட். ஒரு பக்கெட்டை யார் படிக்கலாம் என்பதை ஒரே இடத்தில் தீர்மானிக்க முடியாது என்பதுதான் இதன் பழைய தலைவலி. பக்கெட் மேல் ஓர் அனுமதிப் பட்டியல், பக்கெட்டுக்கு ஒரு பாலிசி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அனுமதி, பயனருக்கும் ரோலுக்கும் கொடுக்கப்பட்ட அனுமதி என்று நான்கைந்து இடங்களில் அது சிதறிக் கிடக்கும்.

அதன் விளைவு 2017-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் டீப் ரூட் அனலிடிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பக்கெட் ஒன்று திறந்து கிடந்ததை அப்கார்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டுபிடித்தார். 1.1 டெராபைட் தரவு, ஏறக்குறைய 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரம். கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை, முகவரி தெரிந்தால் போதும். அடுத்த மாதமே டவ் ஜோன்ஸ். குறைந்தது 22 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே எட்டும்படி இருந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

டவ் ஜோன்ஸ் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒரு வார்த்தை. அந்தப் பக்கெட்டில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள்’ படிக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். படித்தால் என்ன தோன்றும்? ‘நம்ம ஆபீஸ் ஆட்கள், லாகின் பண்ணினவங்க’ என்றுதானே? அமேசான் அகராதியில் அதற்குப் பொருள் வேறு: உலகத்தில் எங்கேயோ, யாரோ ஒருவர், அமேசான் கிளவுட் கணக்கு ஒன்று வைத்திருந்தால் போதும். அந்தக் கணக்கு இலவசமாகவே கிடைக்கும். பூட்டு போட்டாச்சு என்று நினைத்திருக்கிறார்கள், சாவி ஊர் முழுக்க விநியோகமாகியிருக்கு.

இந்த மாதிரித் தவறுகளுக்குப் பட்டியல் அருமையான மருந்து. நூறு பக்கெட்டை மனுஷன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாது. கருவி சில நிமிடங்களில் பார்த்துவிடும். 2018 பிப்ரவரியில் அமேசான் தன் டிரஸ்டட் அட்வைசரில் பக்கெட் அனுமதிச் சோதனையை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அந்த நவம்பரில் ‘பப்ளிக் அணுகலைத் தடு’ என்ற ஒற்றை சுவிட்ச் வந்தது. கீழே யார் என்ன அனுமதி எழுதியிருந்தாலும் அது மேலே உட்கார்ந்து மறித்துவிடும்.

ஆனால் உண்மையான மாற்றம் 2023-ல் வந்தது. அந்த ஜனவரியிலிருந்து எஸ்3-ல் விழும் எல்லாப் புதுக் கோப்புகளும் தானாகவே என்க்ரிப்ட் ஆகின்றன. ஏப்ரலிலிருந்து புதுப் பக்கெட் ஒவ்வொன்றும் பப்ளிக் தடையோடுதான் பிறக்கிறது. அதாவது பட்டியலின் இரண்டு பிரபலமான வரிகள் டிஃபால்ட் ஆகிவிட்டன. ஒரு தவறை எல்லோரும் செய்கிறார்கள் என்றால், எல்லோரையும் சோதித்துக் குட்டுவதைவிட அந்தத் தவறு நடக்காதபடி பொருளையே மாற்றுவது மேல். பதினேழு வருஷம் கழித்தாவது அது நடந்தது, நல்லது.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. இன்று புதிதாகத் திறந்த கணக்கில் நீங்கள் எதுவுமே செய்யாமல் பக்கெட் உருவாக்கினாலும் சில பச்சை டிக் இலவசமாக விழும். அந்தப் பச்சையில் உங்கள் உழைப்பும் இல்லை, உங்கள் கவனத்துக்கான சாட்சியும் இல்லை.

எல்லாம் பச்சை, ஆனாலும் போச்சு

என் வாதத்துக்கு முக்கியச் சாட்சி 2019-ல் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர். கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களின் தரவு எஸ்3-யிலிருந்து அள்ளப்பட்டது. சுமார் 1,40,000 சமூகப் பாதுகாப்பு எண்களும், 80,000 வங்கிக் கணக்கு எண்களும் அதில் அடக்கம்.

எப்படி நடந்தது? பக்கெட் எதுவும் பப்ளிக்காகத் திறந்து கிடக்கவில்லை. வங்கியின் இணையச் செயலிகளுக்கு முன்னால் காவலுக்கு நின்ற ஃபயர்வால் ஒன்று சரியாக அமைக்கப்படவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு கோரிக்கையை, தன் சொந்தக் கோரிக்கை போல உள்ளே அனுப்பும்படி அதை ஏமாற்ற முடிந்தது. அமேசான் சர்வர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 169.254.169.254 என்ற உள் முகவரி உண்டு. அங்கே கேட்டால் அந்தச் சர்வருக்கு உரிய தற்காலிகச் சாவிகளும் கிடைக்கும். ஃபயர்வால் போய்க் கேட்டது, சாவி வந்தது, வந்ததை வெளியே இருந்தவர் கையில் கொடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அந்தச் சாவிக்கு இருந்த அதிகாரம் என்ன? பக்கெட்டுகளைப் பட்டியலிடலாம், உள்ளே இருப்பதைப் படிக்கலாம். எஃப்.பி.ஐ. நீதிமன்றத்தில் தாக்கல் செய்த புகாரில் 700-க்கும் மேற்பட்ட ஃபோல்டர்கள் அல்லது பக்கெட்டுகள் என்று கணக்கு வருகிறது. அதே புகாரில் இன்னொரு வரியும் இருக்கு: அந்த ஃபயர்வால் ரோல் தன் அன்றாட வேலையில் பக்கெட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைப் பயன்படுத்துவதே இல்லை என்று வங்கியே சொன்னதாக. அப்படியென்றால் அந்த அனுமதி ஏன் கொடுக்கப்பட்டிருந்தது? வாசலில் நிற்கும் காவலாளிக்கு லாக்கர் அறைச் சாவி எதற்கு?

இப்போது நம் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள்.

பப்ளிக் பக்கெட்டா? இல்லை. டிக்.

என்க்ரிப்ஷன் உண்டா? உண்டு. வங்கி தன் அறிக்கையில், தரவை என்க்ரிப்ட் செய்வது தங்கள் வழக்கம் என்றும், இந்தச் சம்பவத்தின் சூழ்நிலையால் அத்துமீறி நுழைந்தவருக்கு டிக்ரிப்ஷனும் சாத்தியமாகிவிட்டது என்றும் விளக்கியது. டிக்.

லாக் எடுக்குதா? எடுத்தது. மார்ச் மாதம் நடந்த நுழைவு லாகில் பதிவாகியிருந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. ஜூலை 17 அன்று, திருடப்பட்ட தரவு பற்றிய குறிப்பு கிட்ஹப்பில் கிடக்கிறது என்று வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் தேடினார்கள், தேடினதும் கிடைத்தது. இதற்கும் டிக்.

மூன்று டிக்கும் பொய் இல்லை, எல்லாம் உண்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான். ‘லாக் உண்டா’ என்று பட்டியல் கேட்கும். ‘அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்?’ என்று கேட்காது. ‘என்க்ரிப்ஷன் உண்டா’ என்று கேட்கும். ‘யாரிடமிருந்து காப்பதற்கு?’ என்று கேட்காது.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரிக்கணும். எஸ்3-ன் டிஃபால்ட் என்க்ரிப்ஷனில், படிக்க அனுமதி உள்ள யார் கேட்டாலும் அமேசானே திறந்து கொடுத்துவிடும். டேட்டா சென்டரிலிருந்து யாராவது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனால் அது காப்பாற்றும். அனுமதி உள்ள சாவியைத் திருடியவரிடம் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தனிச் சாவி மேலாண்மைச் சேவையோடு சேர்த்தால் டிக்ரிப்ட் செய்யவும் தனி அனுமதி வேண்டும், அது ஒரு கூடுதல் கதவு. ஆனால் ஒரே ரோலுக்கு இரண்டு அனுமதியும் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். ‘என்க்ரிப்ஷன்: ஆம்’ என்ற ஒற்றை வரிக்குள் இத்தனை வித்தியாசமும் மறைந்துபோகிறது.

அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 2020 ஆகஸ்டில் கேபிடல் ஒன்னுக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. அமேசான் 2019 நவம்பரில், அந்த உள் முகவரியை இப்படி ஏமாற்றிக் கேட்பதைக் கடினமாக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது. இரண்டுமே சேமிப்பகச் செட்டிங்குக்கு வெளியே நடந்தவை என்பதைக் கவனியுங்கள்.

கணக்குக்குள் தெரியாதவை

கருவி உங்கள் கணக்கைத்தான் பார்க்கும். கணக்கில் பதிவாகாத அனுமதி ஒன்று இருந்தால்?

2023 செப்டம்பரில் விஸ் நிறுவனம் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதற்கு நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஒரு கிட்ஹப் பக்கத்தில், படம் அடையாளம் காணும் மாடல்களை இறக்கிக்கொள்ள ஒரு லிங்க் கொடுத்திருந்தார்கள். அந்த லிங்க்கில் இருந்த டோக்கன் மாடல்களுக்கு மட்டுமானதாக இல்லை, அஸ்யூர் சேமிப்பகக் கணக்கு முழுவதையும் திறந்தது. 38 டெராபைட். இரண்டு ஊழியர்களின் கணினி பேக்கப், 30,000-க்கும் மேற்பட்ட உள் உரையாடல்கள் எல்லாம் அதில் இருந்தன. படிக்க மட்டும் அல்ல, எழுதவும் அழிக்கவும் அதிகாரம் இருந்தது. காலாவதி 2051-ஆம் ஆண்டு.

இதில் நுணுக்கம் என்னவென்றால், அந்த வகை டோக்கனை உருவாக்குபவர் தன் கணினியிலேயே, கணக்கின் சாவியால் கையெழுத்திட்டு உருவாக்கிக்கொள்கிறார். அஸ்யூர் பக்கம் ‘இப்படி ஒரு டோக்கன் இருக்கு’ என்ற பதிவே இருக்காது. எத்தனை டோக்கன் ஊரில் சுற்றுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ரத்து செய்ய வேண்டுமென்றால் கணக்கின் சாவியையே மாற்றணும். செட்டிங்கை மட்டும் வாசிக்கும் கருவிக்கு அந்தக் கணக்கு தனியார் கணக்காகவே தெரியும்.

இன்னொரு திசையும் இருக்கு: இல்லாமல் போன பக்கெட். எஸ்3-ல் பக்கெட் பெயர் பொதுவாக உலகத்துக்கே ஒன்றுதான். நீங்கள் அழித்துவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் வாட்ச்டவர் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைவிடப்பட்ட சுமார் 150 பக்கெட் பெயர்களை அவர்கள் மறுபடி பதிவு செய்தார்கள். செலவு 420 டாலர் சொச்சம். இரண்டு மாதத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. மென்பொருள் அப்டேட், மெய்நிகர் கணினிப் பிரதிகள், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் என்று யாரோ எங்கேயோ பழைய முகவரியை இன்னும் நம்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் அந்தப் பெயர்கள் போயிருந்தால் அப்டேட் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். அழித்த பக்கெட் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. சொல்லப்போனால் அழித்ததால் ஒரு ஃபெயில் குறைந்து, ஸ்கோர் கூடியிருக்கும்!

சதவீதம் என்ற மாயை

ஸ்கோர் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். செக்யூரிட்டி ஹப்பில் அது எளிய வகுத்தல்: பாஸ் ஆன விதிகள் எத்தனை, இயக்கத்தில் உள்ள விதிகள் எத்தனை. ஒவ்வொரு விதிக்கும் தீவிரம் என்ன என்று தனியாக எழுதியிருப்பார்கள், ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது. வாடிக்கையாளர் தரவு உலகத்துக்குத் திறந்து கிடப்பதும் ஒரு ஃபெயில், லாக் பக்கெட்டில் பழைய கோப்பை நீக்கும் விதி எழுதாததும் ஒரு ஃபெயில். எல்லாம் கும்பலோடு கோவிந்தா. ஒரு கண்டுபிடிப்பை ‘இது தெரிந்ததுதான்’ என்று ஒதுக்கி வைத்தால் அதுவும் கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே ஸ்கோரை உயர்த்த இரண்டு வழி இருக்கு: பிரச்சினையைத் தீர்ப்பது, அல்லது ஒதுக்குவது. காலாண்டு முடிவில் எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

பச்சைக்காக மட்டும் வேலை செய்தால் வேறு விதமாகவும் சிக்கும். பழைய பதிப்புகளை வைத்திரு என்கிறது பட்டியல். நல்ல அறிவுரை, தவறுதலாக அழித்தால் மீட்கலாம். ஆனால் எத்தனை நாள் வைப்பது என்ற விதியைச் சேர்க்காமல் அதை மட்டும் இயக்கினால், அழித்ததாக நினைத்த தரவு எல்லாம் உள்ளேயே கிடக்கும், பில்லும் ஏறும். ஒரு வாடிக்கையாளர் ‘என் தரவை அழியுங்கள்’ என்று கேட்டு, நீங்கள் அழித்துவிட்டோம் என்று பதிலும் போட்டிருப்பீர்கள். பழைய பதிப்பாக அது அங்கேயே இருக்கும். அணுகல் லாகை அதே பக்கெட்டுக்கே எழுதச் சொன்னால், லாக் எழுதியதற்கு ஒரு லாக், அதற்கு ஒரு லாக் என்று முடிவில்லாமல் பெருகும். ‘லாக் உண்டா’ என்ற கேள்விக்கு மட்டும் பதில்: உண்டு.

உச்சகட்டம் 2025 ஜனவரியில் ஹால்சியான் நிறுவனம் விவரித்த தாக்குதல். திருடிய சாவிகளோடு நுழைந்தவர்கள் எதையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளரே தன் சாவியைக் கொடுத்து என்க்ரிப்ட் செய்யும் வசதி எஸ்3-ல் உண்டு, அமேசான் அந்தச் சாவியைச் சேமிக்காது. அந்த வசதியைப் பயன்படுத்தி, உரிமையாளரின் கோப்புகளைத் தங்கள் சாவியால் என்க்ரிப்ட் செய்துவிட்டு, 7 நாளில் அழியும்படி விதியும் போட்டுவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்த நேரத்தில் ‘கோப்புகள் என்க்ரிப்ட் ஆகியிருக்கின்றனவா?’ என்று கேட்டிருந்தால் பதில்: ஆம், எல்லாமே!

அப்போ என்னதான் செய்வது?

‘சின்ன டீம், இரண்டு பேர், எங்களுக்கு இந்தப் பட்டியலாவது இருக்கேன்னு நிம்மதி’ என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கு. பட்டியலை ஓட்டுங்கள். 2017 மாதிரித் தவறுகள் இன்றும் பழைய பக்கெட்டுகளில் இருக்கலாம், ஏனென்றால் 2023 ஏப்ரல் மாற்றம் புதுப் பக்கெட்டுகளுக்கு மட்டும்தான். ஓட்டி முடித்தவுடன் கிடைப்பதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அடுத்த படி, கேள்வியை மாற்றுவது. இதற்கான கருவிகளும் வந்துவிட்டன. 2018-ல் அமேசான் ஆய்வாளர்கள் ஸெல்கோவா என்ற முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அது பாலிசியை ஒரு தர்க்கச் சூத்திரமாக மாற்றி, ‘கணக்குக்கு வெளியே உள்ள யாராவது இதை அணுக எந்த வழியாவது உண்டா?’ என்று கணித முறையில் நிரூபிக்கப் பார்க்கிறது. வார்த்தையைப் பார்க்காமல் விளைவைப் பார்ப்பதால், ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள்’ மாதிரி ஏமாற்று வார்த்தைகளில் இது மாட்டாது. 2019 டிசம்பரில் வந்த ஆக்சஸ் அனலைசர் இதன்மேல் கட்டியது. ஆனாலும் கேபிடல் ஒன் மாதிரி, உள்ளே இருக்கும் நம்பகமான ரோலே ஏமாந்தால் ‘வெளியாள்’ என்ற கேள்விக்கு அது சிக்காது. 2023 நவம்பரில் சேர்க்கப்பட்ட, பயன்படாமல் கிடக்கும் அனுமதிகளைக் காட்டும் வசதி அந்த இடத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஃபயர்வால் ஒருபோதும் பயன்படுத்தாத அனுமதி அதில் தெரிய வாய்ப்பு உண்டு.

கருவி எதுவும் கேட்காத, மனுஷன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை என் குறிப்பில் இப்படி வைத்திருக்கிறேன்:

இந்தப் பக்கெட்டில் என்ன இருக்கு என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல யாரால் முடியும்? யாராலும் முடியாது என்றால் மற்ற டிக்குகளுக்கு அர்த்தம் இல்லை.

இதைப் படிக்கக்கூடிய ஒவ்வொரு ரோலும் ஏன் படிக்கணும்? அந்த ரோல் திருடுபோனால் வேறு எவையெல்லாம் சேர்ந்து போகும்?

லாகில் விசித்திரமாக ஒன்று விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் யாருக்குத் தெரியும்? எஸ்3-ல் யார் எந்தக் கோப்பைப் படித்தார் என்ற அளவிலான கிளவுட்ரெயில் பதிவு டிஃபால்டாக இயங்காது, நாம்தான் இயக்கணும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாகின் எதுவும் இல்லாமல், வெளியே ஒரு கணினியிலிருந்து இந்தக் கோப்பைக் கேட்டால் என்ன வருகிறது? இதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கடைசியாக, இது இன்னும் இங்கே ஏன் இருக்கு?

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கேபிடல் ஒன் அறிக்கையில், திருடுபோன தரவு 2005 முதல் 2019 தொடக்கம் வரை கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களுடையது என்று வருகிறது. 2005-ல் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு மறந்துபோன ஒருவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வருமானம் எல்லாம் பதினான்கு வருஷம் கழித்தும் எடுக்கும் தூரத்தில் இருந்திருக்கு. அட்டை கிடைத்ததோ இல்லையோ, விண்ணப்பித்திருந்தால் போதும். அந்தத் தரவு என்க்ரிப்ட் ஆகியிருந்தது, பப்ளிக்காக இல்லை, லாகும் இருந்தது. அவருக்காக யாராவது செய்திருக்கக்கூடிய ஒரே பயனுள்ள காரியம், அதை எப்போதோ அழித்திருப்பது. அழிக்காததற்கு ஃபெயில் போடும் வரி மட்டும் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை.